ஹைக் அண்ட் ஃப்ளை: 2900 மீட்டர் உச்சியிலிருந்து முதல் பறப்பு, என்னென்ன பார்க்க வேண்டும்?

குன்றேறி கேட்டது:

வணக்கம். பாராகிளைடிங் லைசென்ஸ் கையில் இருக்கிறது. ஆனால் பறந்ததெல்லாம் வண்டி போய்ச் சேரும் டேக்-ஆஃப்களிலிருந்துதான். அங்கே காற்றின் திசை காட்டும் விண்ட்சாக் இருக்கும், வெட்டிவிட்ட புல் இருக்கும், காற்று சரியில்லை என்றால் தடுத்து நிறுத்த ஆள் இருக்கும். அடுத்ததாக ஹைக் அண்ட் ஃப்ளை, அதாவது விங்கை (பறக்கும் துணிச் சிறகை) முதுகில் சுமந்து ஏறி உச்சியிலிருந்து பறந்து இறங்க வேண்டும் என்று ஆசை.

பார்த்து வைத்திருக்கும் மலையின் விவரம்: உச்சி 2900 மீட்டர். லேண்டிங் வயல் பள்ளத்தாக்கில் 1100 மீட்டரில். வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரம் 7.5 கி.மீ. உச்சியிலிருந்து 3 கி.மீ. தள்ளி, 2250 மீட்டர் உயரத்தில் ஒரு கிளை முகடு குறுக்கே போகிறது. ஏறுவதற்கு 5 மணி நேரம் ஆகும்.

கேள்விகள்: சிங்கிள் ஸ்கின் (ஒற்றைத் துணி விங்) வாங்கலாமா, லைட் டபுள் ஸ்கின் (இரட்டைத் துணி விங்) போதுமா? ரிசர்வ் (அவசரப் பாராசூட்) சுமக்கத்தான் வேண்டுமா? விண்ட்சாக் இல்லாத உச்சியில் காற்றை எப்படி நம்பிக் கிளம்புவது?

முகட்டுக்காற்று:

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். காற்று சரியில்லை என்றால் மற்ற இரண்டுக்கும் வேலையே இல்லை.

உச்சிக்குப் போய் நின்று காற்றைப் பார்ப்பது பாதி வேலைதான். மீதி முதல் நாள் மாலையே தொடங்குகிறது. வானிலை மாதிரிகளில் 700 ஹெக்டோபாஸ்கல் அடுக்கின் காற்றைப் பாருங்கள். அது ஏறக்குறைய 3000 மீட்டர், அதாவது உங்கள் உச்சியின் உயரம். அங்கே 25 கி.மீ. வேகத்துக்கு மேல் காட்டினால் விங்கை வீட்டில் வைத்துவிட்டு நடக்க மட்டும் போங்கள். மலை முகட்டைத் தாண்டும் காற்று நெருக்குண்டு வேகம் பிடிக்கும். மாதிரியில் 20 என்று இருப்பது முகட்டில் 30 ஆக வீசுவது சாதாரணம். உங்கள் விங்கின் ட்ரிம் வேகம் (பிரேக்கைத் தொடாமல் பறக்கும் வேகம்) 36, 37 தான். எதிர்க்காற்று 30 என்றால் தரையைப் பார்த்தால் கிட்டத்தட்ட நகரவே மாட்டீர்கள். கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டாலும் முகட்டுக்குப் பின்பக்க ரோட்டாரில் (சுழல்காற்றில்) விழுவீர்கள். என் கணக்கில் முதல் உச்சிப் பறப்புக்கு அந்த அடுக்கில் 15க்குக் கீழே இருக்க வேண்டும்.

ஏறும் 5 மணி நேரமும் காற்றைப் படிக்கும் நேரம்தான். அரை மணிக்கு ஒரு முறை நின்று மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிற்கும் இடத்தில் காற்றின் திசையும் வேகமும், மேக நிழல் தரையில் ஓடும் திசை, உச்சிக்கு மேல் பிய்ந்து போகும் மேகத் துணுக்குகளின் திசை. முதலாவது மலைச்சரிவின் காற்று. மற்ற இரண்டும் மேலே உண்மையில் வீசும் காற்று. இவை ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால் நீங்கள் லீ பக்கத்தில் (மலை காற்றை மறைக்கும் பக்கத்தில்) இருக்கிறீர்கள்.

அனுபவம் உள்ளவர்களும் மாட்டிக்கொள்ளும் பொறி இதுதான். மேலே மேற்குக் காற்று 20 வீசுகிறது என்று வையுங்கள். நீங்கள் கிழக்குச் சரிவில் நிற்கிறீர்கள். காலை வெயிலில் அந்தச் சரிவு சூடாகி, காற்று சரிவோடு மேலேறி, முகத்தில் இதமாக 8, 10 கி.மீ. வேகத்தில் அடிக்கிறது. காற்றைப் பார்க்கக் கட்டிய ரிப்பன் அழகாக மேல்நோக்கி ஆடும். அதை நம்பிக் கிளம்பினால் முப்பது, நாற்பது மீட்டர் வெளியே போனதும், தெர்மலின் (வெயிலில் சூடாகி மேலெழும் காற்றின்) மறைவு முடிகிற இடத்தில், மேற்குக் காற்று முகட்டைத் தாண்டி மேலிருந்து அறையும். விங் மடங்குவது அங்கேதான். அடையாளம் என்னவென்றால், காற்று சீராக இருக்காது. இதமாக வீசும், செத்துப்போகும், பிறகு பிடரியில் ஒரு குளிர்ந்த வீச்சு வரும். அந்தப் பின்வீச்சு ஒரே ஒரு முறை வந்தாலும் அங்கிருந்து பறக்கக் கூடாது. விங்கை விரிக்கும் முன் முகட்டின் மறுபக்கம் இருபது மீட்டர் நடந்து போய் அங்கே காற்று எப்படி என்று கட்டாயம் பாருங்கள். கால் மணி நேரமாவது பார்க்க வேண்டும். ஒரு தெர்மல் சுழற்சி முடிந்து அடுத்தது வர அவ்வளவு நேரமாகும்.

இன்னொன்று: உச்சியில் டேக்-ஆஃப் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பெரும்பாலும் 50 முதல் 150 மீட்டர் கீழே உள்ள தோள்பட்டைதான் நல்ல இடம். காற்றைப் பார்த்த முகம், 25 முதல் 30 டிகிரி சரிவு, முப்பது மீட்டர் நீளத்துக்குப் பெரிய கல் இல்லாத தரை, அதற்குக் கீழே சரிவு இன்னும் கூடிக்கொண்டே போக வேண்டும். ஓடும் பாதைக்கு முன்னால் சமதளத் திண்ணை இருந்தால் விங் அதைத் தாண்டாது, காலை உரசும். பாறை விளிம்பில் சட்டென்று முடியும் இடமும் வேண்டாம். அங்கே பாதியில் நிறுத்த இடமிருக்காது.

நேரத்தைப் பற்றி: சூரியன் சரிவில் படும் வரை குளிர்காற்று கீழ்நோக்கி வழியும், பின்காற்றாகத்தான் இருக்கும். கிழக்கு முகத்தில் வெயில் பட்டு ஒன்று, இரண்டு மணி நேரத்தில் மெல்லிய மேல்காற்று தொடங்கும். உங்களுக்கு வேண்டிய ஜன்னல் அதுதான். முற்பகல் 11க்கு மேல் தெர்மல் கூர்மையாகிவிடும், கீழே பள்ளத்தாக்குக் காற்றும் எழும்பிவிடும். அப்படியானால் இருட்டில் ஏறத் தொடங்க வேண்டியிருக்கும்.

லேசுப்பை:

கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சாதாரண விங் 5 கிலோவைத் தொடும். லைட் டபுள் ஸ்கின் 2.5 முதல் 3.5 கிலோ. சிங்கிள் ஸ்கின் 1.2 முதல் 2 கிலோ. எடையைப் பார்த்தால் சிங்கிள் ஸ்கின் மயக்கும். ஆனால் உங்களுக்கு முதல் விங்காக நான் அதைச் சொல்ல மாட்டேன். கிளைடு (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னால் போகும் மீட்டர்) 5, 6 தான், டபுள் ஸ்கின் என்றால் 8, 9 வரும். பலவற்றில் ஸ்பீட்பார் (காலால் மிதித்து வேகம் கூட்டும் பட்டை) கிடையாது. எதிர்க்காற்றில் தவிக்கும், லேண்டிங்கில் ஃப்ளேர் (கடைசியில் பிரேக்கை இழுத்து வேகத்தைக் குறைப்பது) பலவீனம். பிரேக்கைச் சீக்கிரம் இழுத்துவிட்டால் வேகம் செத்து, தரைக்கு மேலேயே தொப்பென்று இறங்கும். கடைசி நொடி வரை கையை உயர்த்தி வேகத்தைச் சேர்த்து, தரைக்கு வெகு அருகில் ஒரே இழுப்பாக ஆழமாக இழுக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தைப் பயிற்சிக் குன்றில் கற்றுக்கொண்ட பிறகு மேலே கொண்டுபோகலாம். இப்போதைக்கு இஎன் ஏ (ஐரோப்பியத் தரச்சான்றில் மிக எளிய வகை), அல்லது எளிய இஎன் பி வகையில் ஒரு லைட் டபுள் ஸ்கின் எடுங்கள்.

அளவு பார்க்கும்போது மொத்த எடையை விங்கின் சான்றளிக்கப்பட்ட வரம்போடு ஒப்பிடுங்கள். உடல், உடை, விங், ஹார்னஸ் (உட்காரும் நாடா இருக்கை), பூட்ஸ், தண்ணீர், பையில் இருக்கும் கிராம்பான் (பனியில் பிடிக்க பூட்ஸில் மாட்டும் பற்கள்) எல்லாம் சேர்ந்ததுதான் மொத்தம். மலையேறும் கருவி 4 கிலோ கூடினால் வரம்பின் மேல்விளிம்பைத் தாண்டிவிடுவது எளிது.

ஹார்னஸில் இரண்டு வகை. நாடா ஹார்னஸ் சில நூறு கிராம்தான், முதுகுப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பையாகவும் மாறும் ரிவர்சிபிள் ஹார்னஸ் 2 முதல் 3 கிலோ, ஏர்பேக் இருக்கும். கல் நிறைந்த இடத்தில் முதல் டேக்-ஆஃப் செய்பவருக்கு ஏர்பேக் வேண்டும். அந்த ஒன்றரைக் கிலோவைத் தண்ணீரைச் சரியாகத் திட்டமிட்டே குறைத்துவிடலாம். வழியில் ஊற்று இருந்தால் மூன்று லிட்டர் சுமக்கத் தேவையில்லை.

ரிசர்வ் கட்டாயம். லைட் ரிசர்வ் ஒரு கிலோவுக்கு முன்பின் வரும். இஎன் 12491 தரத்தின்படி அதிகபட்ச எடையில் இறங்கு வேகம் நொடிக்கு 5.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கேயும் பையின் எடையைச் சேர்த்துத்தான் அளவு பார்க்க வேண்டும். வேர்வை, மழை, பனி எல்லாம் படும் பையில் கிடப்பதால், தயாரிப்பாளர் சொன்ன காலத்துக்கு முன்பே பிரித்துக் காயவைத்து மறுபடி மடியுங்கள்.

ஹெல்மெட்டில் கவனம்: மலையேற்ற ஹெல்மெட்டின் தரம் இஎன் 12492, பறப்பதற்கானது இஎன் 966. முதலாவது மேலிருந்து விழும் கல்லை மனதில் வைத்துச் செய்தது. பக்கவாட்டு, பின்பக்க அடிக்கு அதை நம்ப முடியாது. இரண்டு சான்றும் உள்ள லேசான ஹெல்மெட்கள் கிடைக்கின்றன, அதையே வாங்குங்கள்.

லைட் துணி சதுர மீட்டருக்கு 27 கிராம் அளவில் இருக்கும். லைன்கள் (விங்கிலிருந்து இறங்கும் கயிறுகள்) உறையில்லாதவை, நூல் மாதிரி. கூழாங்கல், காய்ந்த புதர்த்தண்டு எதுவானாலும் சுற்றிப் பிடிக்கும். வாக்கிங் போலைப் பைக்கு வெளியே கட்டிக்கொண்டு டேக்-ஆஃப் செய்யாதீர்கள். அதன் முனையில் லைன் மாட்டும். மடித்து உள்ளே வையுங்கள், முனையைத் துணியில் சுற்றி. கிழிசலை ஒட்டும் ரிப்ஸ்டாப் டேப் ஒரு கையகல அளவு எப்போதும் பையில் இருக்கட்டும்.

செங்குத்து:

லேசுப்பை சொன்னதோடு ரிசர்வ் பற்றி ஒரு சேர்க்கை. நாடா ஹார்னஸ் வாங்கினால் ரிசர்வ் முன்பையில் வரும். அதன் பிரைடில் (இணைப்பு நாடா), விங்கை ஹார்னஸோடு இணைக்கும் இரண்டு முதன்மைக் கேரபைனர்களிலும் (கொக்கிகளிலும்) மாட்டப்படும். ரைசரையோ (லைன்கள் வந்து சேரும் நாடாவையோ) ஸ்பீட்பார் கயிற்றையோ அது சுற்றியிருந்தால், இழுக்கும்போது ரிசர்வ் வெளியே வராது, வந்தாலும் சாய்வாக விரியும். வீட்டில் ஒரு உத்தரத்தில் ஹார்னஸைத் தொங்கவிட்டு, உட்கார்ந்து, பறக்கும்போது போடும் அதே கையுறையோடு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். உள்பை முழுவதும் ஒரே கைவீச்சில் வெளியே வர வேண்டும். இதைச் செய்யாத முன்பை ரிசர்வை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இப்போது டேக்-ஆஃப். குன்றிலிருந்து வருபவர்களுக்கு முதலில் புரியாதது அங்கே தேவைப்படும் ஓட்டம். 3000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தின் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அதனால் எல்லா வேகங்களும் 16 சதவீதம் கூடும். கடல்மட்டத்தில் 24 கி.மீ. வேகத்தில் பறக்கத் தொடங்கும் விங்குக்கு அங்கே 28 வேண்டும். 2000 மீட்டரில் இந்தக் கூடுதல் 10 சதவீதம். 1988 செப்டம்பர் 26 அன்று ழான்-மார்க் புவாவான் எவரெஸ்ட் உச்சியிலிருந்து பாராகிளைடரில் பறந்து இறங்கினார். அந்த உயரத்தில் இதே கணக்கு 1.6 மடங்கு. உங்கள் 2900 மீட்டரில், 5 மணி நேரம் ஏறிய காலோடு, காற்றே இல்லாமல் 28ஐ எட்டுவது கஷ்டம். முகத்தில் 8 முதல் 12 கி.மீ. காற்று இருந்தால் ஓட்டம் மனிதர் ஓடும் அளவுக்கு வரும். அதனால் மேலே போனதும் அரை மணி நேரம் உட்காருங்கள். சாப்பிட்டு, வேர்த்த சட்டையை மாற்றி, மூச்சு சீரானதும் விரியுங்கள்.

விரிக்கும்போது லீடிங் எட்ஜின் (முன்விளிம்பின்) நடுப்பகுதி மேலே, இரு ஓரங்கள் கீழே வருமாறு குதிரைலாட வடிவில் போடுங்கள். நடு முதலில் காற்றைப் பிடித்தால்தான் நேராக எழும்பும். லைன்களை ஒரு பக்கத்துக்கு ஒரு முறை என்று பிடித்து, ரைசரிலிருந்து துணி வரை விரலால் உருவிக்கொண்டே போங்கள். உருவும்போது எங்கேயாவது துளி தடங்கல் தட்டினால் அங்கே கல் இருக்கிறது. பொடிக்கல் தரை என்றால் லைன் விழும் பகுதியைக் கையால் பெருக்கிவிடுவது பத்து நிமிட வேலை. சோம்பல் வேண்டாம்.

பனியில் விங் தானாக வழுக்கிக் கீழே வரும். பின்விளிம்பின் மேல் இரண்டு, மூன்று இடத்தில் கைப்பிடிப் பனி வைத்தால் நிற்கும், இழுக்கும்போது உதிர்ந்துவிடும். கிராம்பான் இல்லாமல் நிற்க முடியாத இடம் உங்களுக்கு டேக்-ஆஃப் இல்லை. அந்தப் பற்கள் லைனைப் பிடிக்கும், இடறினால் கணுக்கால் போகும். நனைந்த பிரேக் லைன் புல்லியில் உறைந்து இறுகும். கிளம்பும் முன் இரண்டையும் முழு நீளம் இழுத்துவிட்டுப் பாருங்கள்.

காற்று 10க்கு மேல் இருந்தால் ரிவர்ஸ் லான்ச், அதாவது விங்கை நோக்கித் திரும்பி நின்று எழுப்புவது. விங்கையும் லைனையும் கண்ணால் பார்த்துக்கொண்டே எழுப்பலாம். அதற்குக் கீழே என்றால் ஃபார்வர்ட், முன்னால் பார்த்தபடி. லைட் விங்கை வெடுக்கென்று இழுக்காதீர்கள். எடை குறைவானதால் சட்டென்று எழும்பித் தலையைத் தாண்டி முன்னால் பாயும். சீராகச் சாய்ந்து நடந்து, ஏ ரைசரை (முன்வரிசை ரைசரை) கையோடு மேலே போகவிட்டு, தலைக்கு மேல் வந்ததும் பிரேக்கை லேசாகத் தொட்டு நிறுத்துங்கள். நிமிர்ந்து பாருங்கள், பிறகு ஓடுங்கள். ஓடும் பாதையில் பத்து மீட்டரில் ஒரு கல்லை முன்பே குறித்து வையுங்கள். அந்தக் கல்லுக்கு முன் விங் தலைக்கு மேலே, முழுதாக, நேராக இல்லையென்றால் இரண்டு பிரேக்கையும் இழுத்து நிறுத்திவிட வேண்டும். கால் தரையை விட்டதும் உட்காரும் அவசரமும் வேண்டாம். சரிவு நன்றாக விலகும் வரை காலைக் கீழேயே தொங்கவிட்டு ஓடத் தயாராக இருங்கள்.

கடைசியாகக் கால் நாடா. மேலே குளிர், களைப்பு, சுற்றிலும் படமெடுக்கும் ஆட்கள். தொடை நாடாவை மாட்ட மறப்பது இங்கேதான் நடக்கிறது. ஹார்னஸைப் போட்டதும் முதலில் மாட்டுவது கால் நாடா என்று வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது காரணத்துக்காகக் கழற்றினால் சோதனையை ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள்: நாடாக்கள், ஹெல்மெட், ரிசர்வ் பின், லைன், துணி, காற்று, வான்வெளி.

குன்றேறி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சிங்கிள் ஸ்கின் யோசனையைத் தள்ளி வைக்கிறேன். ஆனாலும் கணக்குப் புரிய வேண்டும் என்று கேட்கிறேன். 7500 மீட்டரை 1800ஆல் வகுத்தால் 4.2 தானே வருகிறது? சிங்கிள் ஸ்கின்னே 5 கொடுத்தால் லேண்டிங்குக்குத் தாராளமாகப் போய்ச் சேருமே?

முகட்டுக்காற்று:

லேண்டிங் வரை உள்ள சராசரி உங்களைக் காப்பாற்றாது. பாதையில் மிக மோசமான இடம் எதுவோ அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும். உங்களுக்கு அது அந்தக் கிளை முகடு.

உச்சி 2900, முகடு 2250, வித்தியாசம் 650 மீட்டர். முகட்டை ஒட்டிக்கொண்டு தாண்ட முடியாது, குறைந்தது 100 மீட்டர் மேலே போக வேண்டும். ஆக 3000 மீட்டர் தூரத்துக்கு 550 மீட்டர்தான் செலவழிக்கலாம். தேவையான கிளைடு 5.5. சிங்கிள் ஸ்கின் 5 என்றால் காற்றே இல்லாத காலையிலும் உங்கள் இடைவெளி 50 மீட்டராகச் சுருங்கிவிடும்.

டபுள் ஸ்கின்னுக்கு 8 என்று வைப்போம், வேகம் 37. எதிர்க்காற்று 10 என்றால் தரை வேகம் 27, கிளைடு 8 × 27 ÷ 37 = 5.8. முகடு வரை 515 மீட்டர் இழப்பு, 135 மீட்டர் மேலே தாண்டுவீர்கள். எதிர்க்காற்று 15 ஆனால் கிளைடு 4.8, இழப்பு 630, இடைவெளி 20 மீட்டர். அதாவது முடியாது. காற்று இல்லாமல், நொடிக்கு ஒரு மீட்டர் இறங்கும் காற்றில் மட்டும் மாட்டினாலும் இதே கதைதான். உங்கள் சொந்த இறக்கம் 1.3, அதோடு 1 சேர்ந்து 2.3, கிளைடு 4.5, முகட்டை அடையும்போது அதற்குக் கீழே இருப்பீர்கள். ஒரு மீட்டர் சிங்க் என்பது மலையில் அபூர்வமே இல்லை.

அதோடு எதிர்க்காற்று இருந்தால் அந்த முகட்டுக்கு உங்கள் பக்கம்தான் லீ. உயரம் குறைந்து வரும்போது ரோட்டாரும் சேர்ந்து கிடைக்கும். அதனால் முகட்டை நம்பாத இன்னொரு லேண்டிங் வேண்டும். முகட்டுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் ஒரு மேய்ச்சல் வெளி இருக்கிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் தேடுங்கள். பிறகு நேரில் நடந்து போய்ப் பாருங்கள். மின்கம்பியும் சரக்குக் கேபிளும் படத்தில் தெரியாது. அந்த வெளி கிடைத்தால் உச்சியிலிருந்து 1.5 கி.மீ. போனதும் ஒரு முடிவுப் புள்ளி வையுங்கள்: அங்கே உயரமானி 2625க்கு மேல் காட்டினால் முகட்டைத் தாண்டலாம், இல்லையென்றால் யோசிக்காமல் திரும்பி முன்லேண்டிங். அந்த வெளி கிடைக்கவில்லை என்றால் இந்த மலை முதல் பறப்புக்குத் தோதில்லை. முகடு குறுக்கிடாத வேறு மலையைப் பாருங்கள்.

லேசுப்பை:

கணக்கு சரி. லேண்டிங் வயலுக்கு மேல் 200 மீட்டரோடு போய்ச் சேரும்படியும் திட்டம் இருக்கட்டும். பள்ளத்தாக்குக் காற்று எந்தப் பக்கம் என்று புகை, மரம், குளத்து அலை ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்க அந்த உயரம் வேண்டும்.

குன்றேறி:

புரிந்தது. முன்லேண்டிங்கைத் தேடிப் பார்க்கிறேன். தேசியப் பூங்கா எல்லை ஒரு பக்கம் வருகிறது, அது பிரச்சினையா? தனியாகப் போனால் என்ன ஏற்பாடு வேண்டும்?

செங்குத்து:

பூங்கா எல்லைக்குள் டேக்-ஆஃப், லேண்டிங் இரண்டுக்கும் தடை இருக்கலாம். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் பாறைமுகத்துக்குப் பக்கத்தில் பறப்பதற்கும் தடை வரும். பூங்கா நிர்வாகத்திடமும் அந்தப் பகுதிப் பறப்போர் சங்கத்திடமும் கேட்டுவிடுங்கள். வான்வெளி வரைபடத்தையும் அன்றைய அறிவிப்புகளையும் பாருங்கள்.

முதல் முறை தனியாகப் போகாதீர்கள். போகும் ஒவ்வொரு முறையும் ஊரில் ஒருவரிடம் பாதை, டேக்-ஆஃப், இரண்டு லேண்டிங், கடைசி நேரம் நான்கையும் எழுதிக் கொடுங்கள். பறக்காமல் நடந்து இறங்க முடிவு செய்தால் அதை உடனே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் தாமதமாகும். ஹெட்லாம்ப், ஒரு வேளை உணவு, முழங்காலுக்கு வாக்கிங் போல் எல்லாம் அந்த இறக்கத்துக்கும் சேர்த்துத்தான். போன் சிக்னல் இல்லாத பள்ளம் என்றால் சாட்டிலைட் மெசஞ்சர் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்பு ஹெலிகாப்டர் பக்கத்தில் வேலை செய்வதைப் பார்த்தால் கிளம்ப வேண்டாம், விரித்த விங்கையும் உடனே சுருட்டி மேலே உட்காருங்கள். பறந்துகொண்டிருந்தால் விலகிப் போய் இறங்குங்கள்.

இறங்கியதும் முதல் வேலை விங்கை ஒரு குவியலாகச் சேர்ப்பது. தரையில் விரிந்து கிடக்கும் விங்கை மேலிருந்தோ சாலையிலிருந்தோ பார்ப்பவர்கள் விபத்து என்று எடுத்துக்கொண்டு மீட்புக் குழுவை அழைத்துவிடுவார்கள். யாராவது கையசைத்துக் கேட்டால், உதவி வேண்டாம் என்பதற்கு ஒரு கை மேலே, ஒரு கை கீழே. வழக்கமாகச் செய்வதுபோல இரண்டு கையையும் தூக்கி ஆட்டிவிடாதீர்கள், அதற்கு உதவி வேண்டும் என்று அர்த்தம்.